எனக்கு முன்னாலேயே இருந்த என் பெயர்

பெரிய அரங்கம். இருக்கைகளில் ஒருவரும் இல்லை. மேடையில் ஒருவன் தனியாக நின்று, ஊர் முன்னால் பேசவேண்டிய உரையைப் பேசிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனைக் கொல்ல வந்தவள் துப்பாக்கியை நீட்டியபடி நெருங்குகிறாள். அவளுடைய சகோதரியைக் கொன்ற அரசாங்கத்துக்கு அவன்தான் தலைவன். அவன் அவளைப் பார்க்கிறான். உயிருக்குப் பயந்தவனின் பார்வை இல்லை அது. எப்போதோ தொலைத்துவிட்ட ஒருத்தியைக் கூட்டத்துக்கு நடுவே கண்டுவிட்டவன் பார்ப்பானே, அப்படிப் பார்க்கிறான். "கேத்ரின்" என்கிறான். அவள் பெயர் கேத்ரின் இல்லை. ஆனாலும் அவள் விரல் அசையவில்லை.

2007-ல் சென்னையில், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஒரு விடுதியில், ஆறு பேர் ஒரு கணினியைச் சுற்றி உட்கார்ந்து 'ஈயான் ஃப்ளக்ஸ்' என்ற ஹாலிவுட் படத்தைப் பார்த்தோம். யாரோ கொண்டுவந்த டிவிடி. மற்ற ஐந்து பேருக்கும் முதல் அரைமணி நேரமே போதுமானதாக இருந்தது. இமைமயிருக்குள் ஈயைச் சிறைப்பிடிக்கும் கண், தொட்டால் அறுக்கும் கத்தியாக நிற்கும் புல்வெளி, பாதங்கள் இருக்கவேண்டிய இடத்தில் இன்னும் இரண்டு கைகளைப் பொருத்திக்கொண்ட சிதாண்ட்ரா என்ற பெண், சீட்டியடித்துக் கூப்பிட்டால் உருண்டோடி வந்து சுவரைத் தகர்க்கும் குண்டுகள். எனக்கும் இதெல்லாம் பிடித்திருந்தது, அந்த ஒரு சொல் வரும்வரை. அதற்குப் பிறகு படம் எங்கே போனது என்று நான் சரியாகக் கவனிக்கவில்லை. எல்லோரும் தூங்கியபிறகு மொட்டைமாடிக்குப் போய் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். இன்னொருத்தியின் பெயரைச் சொல்லி ஒருவன் கூப்பிட, அவள் ஏன் திரும்பினாள்? எனக்கு ஏன் அது தெரிந்த இடமாகப் பட்டது?

உண்மையில் ஏன் என்று எனக்குத் தெரியும். சொல்லிக்கொள்ளத்தான் 17 வருடம் ஆனது.

நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, 1981-ல், எங்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தை இறந்துபோனாள். மூன்றரை வயது. மூளைக்காய்ச்சல். கும்பகோணத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. 1983-ல் நான் பிறந்தபோது அப்பாயி முகத்தைக்கூட முழுதாகப் பார்க்கவில்லையாம், "அவளேதான் வந்திருக்கா" என்று சொல்லிவிட்டாளாம். இறந்தவள் பெயரையே எனக்கு வைத்தார்கள். அவள் கொலுசு எனக்கு வந்தது. அவள் பால் குடித்த வெள்ளி டம்ளர், ஒரு கை உடைந்த அவள் மரப்பாச்சி, எல்லாம் எனக்கு வந்தன. வைத்தீஸ்வரன்கோயிலில் அவளுக்காக வேண்டிக்கொண்டு முடிக்காமல் நின்றுபோன மொட்டையைக்கூட எனக்கு அடித்து நேர்த்திக்கடனைத் தீர்த்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. என்னைக் கொண்டாடினார்கள். திரும்பக் கிடைத்த பொருளைக் கொண்டாடுவதுபோலக் கொண்டாடினார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு சொல் புழங்கியது: அப்பவும். "அப்பவும் உனக்கு வெண்டைக்கா ஆகாது." "அப்பவும் நீ இப்படித்தான் குப்புறப் படுப்பே." நான் ஏதாவது செய்தால் அப்பாயி, பெரியம்மா, அத்தைகள் என்று யாராவது ஒருத்தர் அந்தச் சொல்லைப் போட்டு என்னைப் பின்னால் கொண்டுபோய் ஒட்டிவிடுவார்கள். நான் வரைந்தால் அவளும் சுவரில் கிறுக்கியிருப்பாள். நான் அடம்பிடித்தால் அவளும் பிடித்திருப்பாள். எட்டு வயதில் நீந்தக் கற்றுக்கொண்டபோதுதான் முதல்முறையாக ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றரை வயதுக் குழந்தை நீந்தியிருக்க வழியில்லை. அன்று ஆற்றைவிட்டு வெளியே வர எனக்கு மனமே வரவில்லை.

அழகான ஊர்

படத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011-ல் ஒரு வைரஸ் மனித இனத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்றுவிடுகிறது. மிச்சம் 50 லட்சம் பேர். அவர்களைக் காப்பாற்றிய விஞ்ஞானியின் வம்சம் பிரெக்னா என்ற மதில் சூழ்ந்த நகரத்தில் 400 வருடமாக ஆள்கிறது. கதை நடப்பது 2415-ல். ஊர் துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது. பசி இல்லை, அழுக்கு இல்லை. ஆனால் ஆட்கள் காணாமல் போகிறார்கள், ஊரே கெட்ட கனவு காண்கிறது, காரணம் தெரியாத ஒரு துயரம் எல்லோருக்கும் இருக்கிறது. ஈயான் அந்த ஆட்சியை எதிர்க்கும் மோனிகன் கூட்டத்தில் ஒருத்தி. சகோதரி ஊனா கொல்லப்பட்டபின், ஆட்சித் தலைவன் டிரெவர் குட்சைல்டைக் கொல்ல அனுப்பப்படுகிறாள். அங்கேதான் அந்த அரங்கமும் அந்தப் பெயரும்.

ரகசியம் இது: நோய்க்குக் கண்டுபிடித்த மருந்து மனிதர்களை மலடாக்கிவிட்டது. பிள்ளை பிறக்க வழியில்லை. ஆகவே இறந்தவர்களின் மரபணுவை எடுத்து, கருவாக்கி, மருத்துவரிடம் வரும் பெண்களின் வயிற்றில் வைத்துவிடுகிறார்கள். அவர்களுக்குத் தெரியாது. தங்கள் பிள்ளை என்று நினைத்துப் பெறுகிறார்கள். நகரத்துக்கு மேலே ஒரு வான்கலம் மிதக்கிறது. அதைச் செத்தவர்களுக்கான நினைவுச்சின்னம் என்று ஊர் நம்புகிறது. உண்மையில் அடுத்துப் பிறக்கவேண்டியவர்களின் கிடங்கு அது. அதே 50 லட்சம் பேர் மறுபடி மறுபடி பிறந்துகொண்டிருக்கிறார்கள். புதிதாக ஒருவர்கூட 400 வருடமாக அந்த ஊருக்கு வரவில்லை. ஈயான், டிரெவரின் முதல் பிறவியில் அவனுக்கு மனைவியாக இருந்த கேத்ரினின் நகல்.

கொடுங்கோல் எதிர்காலத்தைப் பற்றிய படங்களில் அரசு எதையாவது பறிக்கும். புத்தகம், சோறு, தண்ணீர், பேச்சு. இந்தப் படத்தில் அரசு சாவைப் பறித்திருக்கிறது. முதலில் கேட்கும்போது வரம் மாதிரி இருக்கிறது. செத்த பிள்ளை திரும்பக் கிடைக்கும் என்றால் எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? என் அப்பாயி நம்பியது அதைத்தானே. ஆனால் சாவைப் பறித்தால் கூடவே இரண்டு விஷயங்கள் போய்விடுகின்றன. செத்தவளுக்காக அழ இடமில்லை, ஏனென்றால் அவள்தான் வந்துவிட்டாளே. பிறந்தவளுக்குப் பிறப்பே இல்லை, ஏனென்றால் அவள் ஏற்கெனவே இருந்தவள். பிரெக்னாவில் எல்லோரும் காணும் அந்தக் கெட்ட கனவு அழாமல் விட்ட அழுகைதான் என்று நான் நினைக்கிறேன்.

படத்தை பெர்லினில் எடுத்தார்கள். காற்றோட்டத்தைச் சோதிக்கப் பழைய காலத்தில் கட்டிய காற்றுச்சுரங்கம், பௌஹவுஸ் என்ற கலைப்பள்ளியின் ஆவணக்காப்பகம், நகரத்தின் விலங்குக் காப்பகம் ஆகிய நிஜக் கட்டடங்கள்தான் 2415-ஆம் ஆண்டின் ஊராக நிற்கின்றன. அவற்றில் ஒன்று அந்த நகரத்தின் பௌம்ஷூலென்வேக் பகுதியில் இருக்கும் தகனக் கூடம். ஆக்ஸெல் ஷுல்டெஸும் ஷார்லொட்டே ஃபிராங்கும் வடிவமைத்து 1999-ல் திறந்தது. உள்ளே வட்டமான கான்கிரீட் தூண்கள் ஒழுங்கில்லாமல், மரங்கள் நிற்பதுபோல நிற்கும். ஒவ்வொரு தூணின் தலையிலும் கூரை திறந்துகொண்டு வெளிச்சம் இறங்கும். துக்கத்தோடு வருகிறவர்கள் அந்தத் தூண்களுக்கு நடுவே நின்று காத்திருப்பதற்காகக் கட்டிய இடம். சாவே இல்லாத ஊரைக் காட்டுவதற்கு, அழுவதற்கென்று கட்டிய கூடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தெரிந்து செய்தார்களோ, கட்டடத்தின் அழகுக்காகச் செய்தார்களோ, இரண்டாவது முறை பார்க்கும்போது அந்தத் தூண்களை வெறும் பின்னணியாக என்னால் பார்க்கமுடியவில்லை.

இந்தக் கதையில் எனக்கு மணிமேகலை நினைவுக்கு வந்தாள். மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்டதும் அவளுக்குப் பழம்பிறப்பு தெரிந்துவிடுகிறது. போன பிறவியில் அவள் பெயர் இலக்குமி, கணவன் இராகுலன். தன்னைத் துரத்திக்கொண்டிருக்கும் உதயகுமரன்தான் அந்த இராகுலன். அதனால்தான் அவன்பால் நெஞ்சம் போனது என்று அவளுக்கே புரிகிறது. இங்கேயும் ஒருத்தி, தன்னுடையதல்லாத ஒரு பிறவியின் காதலால் இழுக்கப்படுகிறாள். ஆனால் சாத்தனார் அவளை இலக்குமியாக வாழவிடவில்லை. தெரிந்துகொண்டபிறகும் மணிமேகலை அட்சயபாத்திரத்தை எடுத்துக்கொண்டு தன் வழியில் போகிறாள். உதயகுமரன் வெட்டுப்பட்டு விழும்போது அவனுக்காக அழவும் செய்கிறாள். பழைய பிறவி அவளுக்குச் செய்தி, கட்டளை இல்லை. பள்ளியில் இதைப் பாடமாகப் படித்தபோது எனக்குத் தோன்றாதது, ஒரு சண்டைப்படம் பார்த்துத் தோன்றியது.

வெட்டுப்பட்ட துக்கம்

ஈயான் ஃப்ளக்ஸ் முதலில் எம்டிவியில் வந்த அனிமேஷன். 1991-லிருந்து பீட்டர் சங் அதைக் குறும்படத் துண்டுகளாகச் செய்தார். பேச்சே கிட்டத்தட்ட இல்லை. நீண்ட கைகால்களோடு சிலந்திபோல அசையும் ஒருத்தி, பெரிய வீரச்செயல் ஒன்றின் விளிம்பில், ஏதோ ஒரு சின்னப் பிசகில் செத்துப்போவாள். அடுத்த துண்டில் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி வருவாள், மறுபடி சாவாள். ஏன், எப்படி என்று யாரும் விளக்கவில்லை. 1995-ல் அரைமணி நேரத் தொடராக 10 பகுதிகள் வந்தபோதுதான் அவள் பேச ஆரம்பித்தாள். அதில் ஒரு பகுதியில் டிரெவர் அவளை நகலெடுப்பதும் உண்டு. சாகிறவள் திரும்பிவருவது அனிமேஷனில் ஒரு விளையாட்டாக இருந்தது. அந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டு, அப்படித் திரும்பிவந்தால் அவளுக்கும் அவளைச் சுற்றி இருப்பவர்களுக்கும் என்ன ஆகும் என்று கேட்டதுதான் 2005 படத்தின் திரைக்கதை. ஃபில் ஹே, மேட் மன்ஃப்ரெடி எழுதினார்கள். பீட்டர் சங்குக்குப் படம் பிடிக்கவில்லை, மிகவும் வருந்தியே பேசினார். அவர் வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதற்காகத் திரைக்கதை ஆசிரியர்கள் பக்கம்தான் நிற்பேன்.

இயக்கியவர் கேரின் குசாமா. 2000-ல் குத்துச்சண்டை கற்றுக்கொள்ளும் ஒரு பெண்ணைப் பற்றிய 'கேர்ள்ஃபைட்' படத்துக்கு சன்டான்ஸ் விழாவில் பெரிய பரிசை வாங்கியவர். இது அவருக்கு இரண்டாவது படம், ஆறு கோடி டாலரைத் தாண்டிய செலவு. ஈயானாக நடித்த சார்லீஸ் தெரன் அப்போதுதான் ஆஸ்கர் வாங்கியிருந்தார். சண்டைக்காட்சியில் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்து விழுந்து கழுத்தில் அடிபட, படப்பிடிப்பே வாரக்கணக்கில் நின்றது. படம் முடிகிற நேரத்தில் ஸ்டூடியோவில் நிர்வாகம் மாறியது. புதியவர்களுக்குப் படம் பிடிக்கவில்லை. குசாமாவே பிறகு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: படம் அவர் கையிலிருந்து எடுக்கப்பட்டு, வேறு ஆட்களால் வெட்டப்பட்டது. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே காட்டாமல் 2005 டிசம்பரில் வெளியிட்டார்கள். போட்ட பணம் திரையரங்குகளில் திரும்பவில்லை.

வெட்டின தழும்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்றே சொல்வேன். ஊனா செத்துக் கிடக்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு சகோதரி கொல்லப்படுகிறாள். அதன்மேல்தான் படம் முழுவதும் நிற்கிறது. ஆனால் ஈயான் அவளைப் பார்க்கிறாள், முகம் இறுகுகிறது, அடுத்த நிமிடம் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அழவில்லை. யாரும் அழவில்லை. துக்கம் விசாரிக்க ஒருத்தர்கூட அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றவில்லை. 2007-ல் இது சண்டைப்படத்தின் அவசரம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஊனா ஏன் செத்தாள் என்பது பின்னால் தெரிகிறது. நகலெடுக்காமல், இயற்கையாகவே கருத்தரித்திருந்தாள். நானூறு வருடத்தில் அந்த ஊருக்கு வர இருந்த முதல் சில புது மனிதர்களில் ஒன்று அவள் வயிற்றில் இருந்தது. டிரெவரின் தம்பி ஓரனுக்கு அந்தப் புதுசுதான் பயம். புதியவர்கள் பிறந்தால் தான் நிரந்தரமாக இருக்கமுடியாது. அதனால் அப்படிக் கருத்தரித்த பெண்களையெல்லாம் கொன்றுகொண்டிருக்கிறான். இவ்வளவு பெரிய விஷயத்தைப் படம் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு மறுபடி ஓடுகிறது. கத்திப்புல்லுக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை ஊனாவின் வயிற்றுக்குக் கொடுத்திருக்கலாம்.

பத்து வருடம் கழித்து, 2015-ல், இதே குசாமா, இதே இரண்டு எழுத்தாளர்களோடு 'தி இன்விடேஷன்' என்று ஒரு படம் எடுத்தார். மிகச் சின்னப் படம். கிட்டத்தட்ட முழுக்க ஒரே வீட்டுக்குள் ஒரு இரவு விருந்து. பிள்ளையைப் பறிகொடுத்துப் பிரிந்துபோன கணவனும் மனைவியும் அந்தப் பழைய வீட்டில் மறுபடி சந்திக்கிறார்கள். மனைவி ஒரு கூட்டத்தில் சேர்ந்து, துக்கத்தை உடம்பிலிருந்து கழற்றி எறிந்துவிடலாம் என்று கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். முகம் மலர்ந்தே இருக்கிறது. அவன் ஒருவன்தான் இன்னும் அழுதுகொண்டிருக்கிறான். அதனாலேயே அவனை எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். இந்தப் படத்தைப் பார்த்தபோது என் கை நடுங்கியது. பெர்லினில் வெட்டுப்பட்டுப்போன துக்கம், பத்து வருடம் காத்திருந்து இந்தச் சின்ன வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதுபோல இருந்தது. துக்கம் வேண்டாம் என்று சொல்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இரு என்று இரண்டு படமும் சொல்கின்றன. ஒன்று மதில்சூழ்ந்த நகரத்தை வைத்துச் சொல்கிறது, இன்னொன்று சாப்பாட்டு மேசையை வைத்து.

மஞ்சள் கவுன்

2021 மே மாதம் அம்மா போய்விட்டாள். அந்த மே மாதத்தைப் பற்றி நம் ஊரில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள். முகம் பார்க்கவில்லை. தம்பியும் நானும் இரண்டு பேர் மட்டும் தூரத்தில் நின்றோம். பதினாறாம் நாள் ஐந்து பேர். பெரியம்மா தொலைபேசியில் ஒப்பாரி வைத்தாள், பாதியில் சிக்னல் போய்விட்டது. 2007-ல் அந்தப் படத்தைப் பார்த்தபோது வைரஸ் வருகிற 2011 இன்னும் வராத வருடம். படத்தில் அது ஒரு வரித் தகவல்தான், ஊரைக் காலிசெய்ய ஒரு சாக்கு. அம்மாவுக்குப் பிறகு அந்த ஒரு வரியை என்னால் அப்படிக் கடக்கமுடியவில்லை. அந்த 50 லட்சம் பேரும் யாரையெல்லாம் அப்படித் தூரத்தில் நின்று அனுப்பியிருப்பார்கள், அதற்குப் பிறகு ஒருவன் வந்து "உங்கள் ஆட்களைத் திருப்பித் தருகிறேன்" என்றால் யார் மறுத்திருப்பார்கள்?

ஆறு மாதம் கழித்துத்தான் பெரியம்மாவால் ஊருக்கு வரமுடிந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். மேலே அன்றாடப் புடவைகள், அடியில் கூரைப்புடவை, அதற்கும் அடியில் அப்பாவின் பழைய துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் சின்னதாக ஒரு மஞ்சள் கவுன். கழுத்தோரம் வெள்ளைப் பின்னல். இடது பக்கம் பால் சிந்திய கறை ஒன்று, துவைக்காமல் விட்டது. என்னுடையதோ என்று தூக்கிப் பார்த்தேன். என் சின்ன வயதுத் துணிகள் எல்லாவற்றையும் எனக்குத் தெரியும். அவள் துணிகளைப் போட்டுத்தான் நான் வளர்ந்தேன். இதை நான் பார்த்ததே இல்லை.

பெரியம்மா அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். "இதையும் உனக்குப் போடச் சொல்லித்தான் நாங்கல்லாம் சொன்னோம். நல்ல துணி, ஒரு தீபாவளிதான் கட்டியிருந்தா. உங்கம்மா கேக்கலை. 'அது அவளோடது'ன்னுட்டா. உங்க அப்பாயி சண்டையே போட்டாங்க. அவதான்டி இவ, அப்புறம் என்ன அவளோடதுன்னு. உங்கம்மா ஒண்ணும் பேசலை. பொட்டியில வச்சுப் பூட்டிட்டா."

அது அவளோடது. இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு நான் என் பிள்ளைப்பிராயம் முழுவதையும் மறுபடி நடந்து பார்த்தேன். 'அப்பவும்' என்று சொன்னவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். அப்பாயி சொன்னாள், பெரியம்மா சொன்னாள், அத்தைகள் சொன்னார்கள். அம்மா? எவ்வளவு தோண்டியும் அம்மாவின் குரலில் அந்தச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று கிடைத்தது. ஆடி மாதத்தில் ஒருநாள், அமாவாசை இல்லாத ஒருநாள், அம்மா விடியற்காலையில் தலைக்குக் குளித்துவிட்டு ஒரு கை அரிசியில் பாயசம் வைத்து, கொல்லைச் சுவரில் காக்கைக்கு வைப்பாள். எதற்கு என்றால் "சும்மாதான்" என்பாள். சின்னக் குழந்தைகளுக்குத் திதி கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஐயர் வரமாட்டார், அப்பா பிண்டம் வைக்கமாட்டார். அதுவும் அந்தக் குழந்தைதான் திரும்பி வந்து வீட்டுக்குள் ஓடியாடிக்கொண்டிருக்கிறதே, யாருக்கு வைப்பது? அந்த வீட்டில் அம்மா ஒருத்தி மட்டும், நாற்பது வருடம், யாருக்கும் தெரியாமல் அவளுக்கு அழுதிருக்கிறாள். அவளுக்கு அழுததால்தான் என்னை வேறொருத்தியாக வைத்திருக்க அவளால் முடிந்திருக்கிறது. நான் நீந்திவிட்டு வந்த அன்று ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அம்மா சிரித்த சிரிப்பு ஒன்று உண்டு. எதையும் ஒப்பிட்டுப் பார்க்காத சிரிப்பு. அது எனக்கே எனக்கானது என்று அப்போது தெரியாது.

2024-ல் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனையிலிருந்தே பேசினான். "அம்மா பேரே வச்சிடலாம்க்கா. அம்மாவேதான்க்கா. நெத்தியைப் பாரு." அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். மூன்று வருடமாக அவன் அம்மாவைப் பற்றிப் பேசியதே இல்லை. போட்டோவுக்குக்கூட மாலை போடவிடவில்லை. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அன்று ராத்திரி அந்தப் படத்தைத் தேடியெடுத்து, தனியாக, முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன்.

கடைசியில் வான்கலம் உடைந்து மதிலின்மேல் விழுகிறது. மதில் பிளக்கிறது. நானூறு வருடமாக ஊர் பார்க்காத பச்சை, மதிலுக்கு அந்தப் பக்கம் அப்படியே கிடக்கிறது. இனி ஒரே ஒரு தடவைதான் வாழ்வோம், வாழ்ந்துவிட்டு வருகிறவர்களுக்கு இடம்விட்டுப் போவோம் என்கிற நினைப்போடு படம் முடிகிறது. அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என்னை நிறுத்தியது அதற்கு முன்னால் வரும் ஒரு சின்ன இடம். ஊனாவின் மரபணுவிலிருந்து பிறந்த கைக்குழந்தையை ஈயான் பார்க்கிறாள். இவளும் ஊனா என்று உலகம் முழுக்கச் சொல்லும். உடம்பின் ஒவ்வொரு அணுவும் சொல்லும். படம் அங்கேயும் அதிக நேரம் நிற்கவில்லை. நான் படத்தை நிறுத்திவைத்து, அது கொடுக்காத நேரத்தை நானே எடுத்துக்கொண்டேன். அந்தக் குழந்தையைப் பார்த்தபிறகும் ஊனாவுக்காக ஒருத்தி அழவேண்டும். அப்படி அழுதால்தான் அந்தக் குழந்தையைக் குழந்தையாகத் தூக்கமுடியும்.

விடிந்ததும் தம்பியைக் கூப்பிட்டேன். பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பேத்தி பெயர்த்தி. பாட்டன் பாட்டி பெயரைச் சுமப்பது நம்மிடம் எத்தனையோ தலைமுறையாக இருக்கிற அன்பு. அதோடு எனக்குச் சண்டை இல்லை. நான் கவுனைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு அது தெரியாது. பால் கறையைச் சொன்னேன், காக்கைக்கு வைத்த பாயசத்தைச் சொன்னேன், 'அது அவளோடது' என்று அம்மா சொன்னதைச் சொன்னேன். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதென்று நினைத்தேன். அப்புறம் அவன் அழ ஆரம்பித்தான். மூன்று வருட அழுகை. சின்னப்பிள்ளையாய் விக்கி விக்கி, "முகத்தைக்கூடக் காட்டலையேக்கா, முகத்தைக்கூடக் காட்டலையே" என்று. நானும் அழுதேன். ஒரு மணிநேரம் இருக்கும். வைக்கும்போது, "போட்டோவுக்கு மாலை வாங்கிட்டு வரேன்க்கா" என்றான்.

பெயர் வைக்கும் நாளன்று அம்மா போட்டோவுக்குக் கதம்பம் சாத்தியிருந்தது. கூடத்தில் தொட்டில். அத்தைதான் காதில் பெயரைச் சொல்லவேண்டும் என்று என்னை முன்னால் தள்ளினார்கள். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டேன். நெற்றி அம்மாவுடையதுதான், தம்பி சொன்னது சரி. வலது காதோரம் வாயை வைத்து, அம்மாவின் பெயரை மூன்று தடவை சொன்னேன். வாயை எடுக்கவில்லை. "நான் உன் அத்தை. நாம இப்பத்தான் முதல் தடவையா பாத்துக்குறோம்" என்றேன். அது கையை நீட்டி என் மூக்கைப் பிடித்துக்கொண்டது.

"மூணு தடவைதானடி, என்ன இவ்வளவு நேரம்?" என்று பின்னாலிருந்து பெரியம்மா கேட்டாள். நகர்ந்து, குழந்தையை அவள் கையில் கொடுத்தேன்.